தீபாவளி எண்ணெய்க் குளியலும் சிறு தொழிலும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இந்த ஆண்டு தீபாவளிக்கும் வருடக் கடைசிக்கும் உறவினர்களுக்குக் கொடுக்கும் பரிசுகளைப் பேரங்காடியில் வாங்காமல், வீட்டிலேயே சோப்பும் தைலமும் செய்து, பிளாஸ்டிக் உறை இல்லாமல் விற்கும் பெண்களிடம் வாங்கலாம் என்று நினைக்கிறேன். விலை கூடுதலாக இருக்கிறதே என்று வீட்டில் தயங்குகிறார்கள். இப்படி வாங்குவது அவர்களுக்கு உண்மையிலேயே உதவுமா?
(ஒரு வாசகி, தாம்வே, யாங்கோன்)

பதில்: நிச்சயம் உதவும், சகோதரி. ஆனால் என்ன வாங்குகிறீர்கள் என்பதைக் காட்டிலும் எப்போது சொல்லி வைக்கிறீர்கள் என்பதில்தான் அந்த உதவி பெரிதும் அடங்கியிருக்கிறது. காய்ச்சாமல் செய்யும் சோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெயோடு காஸ்டிக் சோடாக் கரைசலைச் சேர்த்துக் கலக்கி அச்சில் ஊற்றினால், ஒன்றிரண்டு நாளில் துண்டு போடும் அளவுக்கு இறுகிவிடும். ஆனால் அதில் உள்ள நீர் வற்றி, கட்டி கெட்டிப்பட்டு, தோலுக்கு இதமாக ஆவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் காற்றாட வைத்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணியின் வீட்டில், மழைக்காலத்து ஈரம் ஏறாமலிருக்கக் கூரையை ஒட்டி மூங்கில் தட்டி கட்டி, அதன்மேல் வெள்ளைத் துணி விரித்து, ஒரு கட்டி மற்றொன்றில் படாதபடி விரலிடை விட்டு அடுக்கி வைத்திருப்பார். ஞாயிறுதோறும் ஒவ்வொன்றையும் புரட்டி வைப்பார். எண்ணெய்க்கும் சோடாவுக்கும் அவர் கொடுத்த பணம் முழுவதும் அந்த ஆறு வாரமும் தட்டியின் மேல்தான் கிடக்கும்.

ஆகவே தீபாவளிக்கு முந்தின வாரம் போய் ஐம்பது கட்டி கேட்பதால் அவருக்குப் பயனில்லை. கையில் இல்லாததை எப்படிக் கொடுப்பார்? பர்மியர்களின் தடிங்ஜுட் விளக்குத் திருவிழாவுக்கும் வெகு முன்பே, மழை முழுதும் விடாத நாட்களிலேயே, எத்தனை வேண்டும் என்று சொல்லி, பாதித் தொகையையாவது முன்பணமாகக் கொடுத்துவிடுங்கள். அந்த முன்பணத்தில்தான் அவர் எண்ணெய் வாங்குவார்; கடனுக்கு வாங்கினால் வட்டி போகும். கடைகளில் வைத்து விற்றாலோ, பல கடைக்காரர்கள் சரக்கு விற்ற பிறகே பணம் தருகிறார்கள். நேரில் முழு விலை கொடுத்து வாங்கும் ஒரு வாடிக்கையாளரை அவர்கள் எவ்வளவு மதிக்கிறார்கள் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

விலையைப் பற்றிக் கேட்டீர்கள். பேரங்காடிச் சோப்பின் விலையோடு ஒப்பிட்டால் கூடுதல்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. பெரிய ஆலைகள் எண்ணெயை டன் கணக்கில் வாங்குகின்றன. வீட்டில் செய்பவர் டின் கணக்கில் வாங்குகிறார். வீட்டாருக்கு நான் சொல்வது இதுதான்: பத்துப் பேருக்குப் பளபளப்பான பரிசுக் கூடை கொடுப்பதற்குப் பதிலாக, அதே செலவில் ஐந்து பேருக்கு அன்றாடம் பயன்படும் நல்ல பொருளைக் கொடுங்கள். "பத்து எடுத்தால் ஒன்று இலவசமா?" என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். அந்தப் பதினோராவது கட்டிதான் பல நேரங்களில் அவருடைய அன்றைய கூலி.

தீபாவளிக்கு வேறெங்கும் தேட வேண்டியதே இல்லை என்பது என் எண்ணம். நம் எண்ணெய்க் குளியலுக்கு வேண்டிய அனைத்தும் இந்தப் பர்மிய மண்ணில் விளைகின்றன. மகுவே வட்டாரத்து எள், செக்கில் ஆட்டி நல்லெண்ணெயாக வருகிறது. நாம் சீயக்காய் என்று சொல்வதைத்தான் பர்மியர்கள் கின்புன் என்கிறார்கள். அதனுடன் தயோ மரப்பட்டையையும் சேர்த்து ஊறவைத்துக் காய்ச்சி எடுக்கும் வழவழப்பான நீரில்தான், திஞ்சான் புத்தாண்டில் இளையவர்கள் பெரியவர்களின் தலையை அலசிவிட்டு ஆசி பெறுகிறார்கள். குளித்து முடித்தபின் பூசிக்கொள்ளத் தனக்கா இருக்கிறது. விளா மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்த அந்த மரத்தின் கட்டையை, சௌப்யின் என்னும் வட்டக் கல்லில் சில சொட்டு நீர் விட்டு, சந்தனம் உரைப்பதுபோல் உரைத்தால், பட்டையிலிருந்து வெளிர் மஞ்சள் விழுது இறங்குகிறது. ஷ்வேபோ வட்டாரத்துக் கட்டைக்குப் பெயர் அதிகம். அந்த மரம் நன்றாக முற்றப் பல்லாண்டுகள் ஆகும் என்பதால், ஒரு சாண் கட்டையின் விலையில் ஒரு குடும்பத்தின் நெடுங்காலக் காத்திருப்பும் சேர்ந்திருக்கிறது. உறை வேண்டாம், புட்டி வேண்டாம்; தேய்ந்து தேய்ந்து கடைசியில் கைப்பிடி அளவு மிஞ்சும் துண்டும் அடுப்புக்கு ஆகும். குப்பையே மிஞ்சாத அழகுப் பொருள் ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன்.

யாங்கோனின் தெய்ன்ஜிச் சந்தையில் தயோ கின்புன் காய்ச்சிய நீரைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுப்பதுதான் வழக்கம். வீட்டிலிருந்து ஒரு கண்ணாடிப் புட்டியைக் கொண்டுபோய் நீட்டிப் பாருங்கள். விற்பவர் முகம் சுளிக்க மாட்டார், அவருக்குப் பைச் செலவு மிச்சம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: அதில் கெடாமலிருக்க எதுவும் சேர்ப்பதில்லை, நம் ஊர் மின்வெட்டில் குளிர்பெட்டியையும் நம்பியிருக்க முடியாது. எனவே குளிக்கும் நாளுக்கு முதல் நாள் வாங்குங்கள். பரிசாகக் கொடுப்பதென்றால் காய்ந்த காயையும் பட்டையையும் துணிப்பையில் போட்டுக் கொடுப்பதே நல்லது.

கேள்வி: இயற்கையானது என்று சொல்லி விற்ற முகக் களிம்பு ஒன்றைச் சிறு வியாபாரி ஒருவரிடம் சென்ற ஆண்டு வாங்கினேன். மூன்று வாரத்தில் மேலே பூசணம் பூத்துவிட்டது. பூசிய தங்கைக்கு அரிப்பும் வந்தது. சிறு தொழிலை ஆதரிக்க வேண்டும் என்பதற்காக இதையெல்லாம் பொறுத்துக்கொள்ள வேண்டுமா?
(ஒரு வாசகர், மொளமியங்)

பதில்: பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. முதலில் தங்கையின் தோல் முழுதும் ஆறட்டும். ஆறாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். நீர் கலந்த எந்தக் களிம்பிலும், கெடாமல் காக்கும் பொருள் தகுந்த அளவில் சேர்க்கப்படாவிட்டால் பூசணமும் கிருமியும் வளரும். அதை இயற்கையின் அடையாளம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நீரே சேராத எண்ணெய்த் தைலமும் மெழுகுக் களிம்பும் அவ்வளவு விரைவில் கெடுவதில்லை; வீட்டில் செய்பவர்களிடம் வாங்கும்போது நான் அவற்றையே விரும்பி எடுக்கிறேன். எலுமிச்சைத் தோலைப் பிழிந்தெடுத்த எண்ணெய் சேர்ந்த பொருளைப் பூசிக்கொண்டு வெயிலில் நின்றால் தோல் வெந்து கறுத்துப் போகலாம் என்பதும் பலருக்குத் தெரியாத செய்தி. புதிதாக எதை வாங்கினாலும், முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசி ஒரு நாள் பார்த்துவிட்டுப் பிறகு முகத்துக்குப் பயன்படுத்துங்கள்.

என்னென்ன சேர்த்தீர்கள், எந்தத் தேதியில் செய்தீர்கள் என்று கேளுங்கள். முறையாகச் செய்பவர் இந்தக் கேள்வியை விரும்புவார், எழுதியும் கொடுப்பார். சில நாளில் முகம் வெளுக்கும் என்று உறுதி கூறி, பெயர்ச்சீட்டு இல்லாத டப்பாவில் விற்கப்படும் களிம்பை மட்டும், விற்பவர் உங்கள் பக்கத்து வீட்டுக்காரரே ஆனாலும், வாங்காதீர்கள். அத்தகைய களிம்புகளில் பாதரசம் கலந்திருப்பது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், தாயின் வயிற்றிலுள்ள குழந்தையையும் பாதிக்கும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கை, பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுப் பொருள்களைத் தயாரிப்பதையும் ஏற்றுமதி இறக்குமதி செய்வதையும் 2020ஆம் ஆண்டுக்குள் நிறுத்த வேண்டுமென்று கூறியது. அது பெரிய ஆலை, சிறு வியாபாரி என்று பார்த்து விதித்த விதியல்ல.

உங்களுக்கு விற்றவரிடம் நடந்ததைச் சொன்னீர்களா என்று கடிதத்தில் எழுதவில்லை. சொல்லவில்லையானால் இப்போதாவது நேரில் போய், முடிந்தால் அந்த டப்பாவையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். பத்துப் பேரிடம் சொல்வதற்கு முன் அவரிடம் சொன்னால், அடுத்த முறை அவர் செய்யும் களிம்பு திருந்த வழியுண்டு. பணத்தைத் திருப்பிக் கேட்பதும் உங்கள் உரிமை, தயங்க வேண்டாம்.

கேள்வி: பரிசைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றாமல் எப்படிக் கொடுப்பது? காலிப் புட்டிகளை என்ன செய்வது?
(ஒரு வாசகி, பாகோ)

பதில்: பழைய லுங்கித் துணியின் நல்ல பகுதியை வெட்டி ஓரம் தைத்து முடிச்சிட்டுக் கொடுங்கள்; பெறுபவர் அதைக் கைக்குட்டையாகவோ கரித்துணியாகவோ வைத்துக்கொள்வார். வாழைநாரால் கட்டினால் அழகாகவே இருக்கும். காலிப் புட்டிகளை வெந்நீரில் கழுவி, தலைகீழாகக் கவிழ்த்து முழுதும் காயவைத்து, மூடியைத் தனியாக ஒரு பையில் போட்டு, செய்தவரிடமே திருப்பிக் கொடுங்கள். கண்ணாடிப் புட்டியின் விலை, உள்ளே இருக்கும் தைலத்தின் விலையில் கணிசமான பங்கு. ஆறு புட்டி திரும்பி வந்தால் அடுத்த முறை ஆறு புட்டி வாங்கும் செலவு அவருக்கு இல்லை. ஈரம் இருக்கும் புட்டியை மட்டும் மூடிக் கொடுக்காதீர்கள், உள்ளே நாற்றம் பிடித்துவிடும்.