அத்தை பேரு சார்ட்ல எங்க தம்பி?

கேள்வி: அப்பா வழில ஏழு தலைமுறைக்கு சார்ட் போடுறேன் மேடம், நாலோட நிக்குது. வீட்ல இருக்க ரெண்டு பத்திரத்துல 'ராமசாமி குமாரர் வேலு'ன்னு இருக்கு, ஒண்ணு 1911, இன்னொண்ணு 1968. ஒரே ஆளா? டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தா தெரியுமா? (மத்த பழைய பேப்பர்லாம் பெரிய அத்தை வீட்டு ட்ரங்கு பெட்டில இருக்கு. 2012-ல சொத்துல பங்கு வேணாம்னு எழுதி குடுக்கிற விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து போட மாட்டேன்னுட்டாங்க, அதுலேந்து பேச்சுவார்த்தை இல்ல.)
- வாசகர், திண்டுக்கல்

பதில்: ஒரே ஆளா இருக்க வாய்ப்பு கம்மி, தாத்தாவும் பேரனுமா இருக்கலாம். தாத்தா பேர பேரனுக்கு வெக்கிற ஊரு நம்மளுது, ராமசாமி மகன் வேலு, வேலு மகன் ராமசாமி, அவன் மகன் திரும்ப வேலுன்னு சுத்திட்டே இருக்கும், அப்பன் பேரும் மகன் பேரும் மட்டும் வெச்சுகிட்டு எது எந்த வேலுன்னு எந்த கொம்பனாலயும் பிரிக்க முடியாது. யாரு பொண்டாட்டி, யாரு அக்கா தங்கச்சி, அத வெச்சுதான் பிரிக்கணும். எச்சில் எடுத்து பண்ற டிஎன்ஏ டெஸ்ட்ல சதவீதம் வரும், கொள்ளுப்பாட்டி பேரு வராது, காச வீணாக்காதீங்க. வில்லங்கம் ஆன்லைன்ல போட்டாலும் பெரும்பாலும் 1975-க்கு அப்புறம்தான் கிடைக்கும், அதுக்கு முன்னாடி உள்ளதுக்கு சார்பதிவாளர் ஆபீஸ்ல மனு போட்டு தேட சொல்லணும்.

நீங்க அனுப்புன சார்ட் போட்டோவ பாத்தேன். 23 பேரு, அத்தனையும் ஆம்பள. உங்கள பெத்த அம்மா பேரு கூட இல்ல! ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போனா ஐயர் அம்மா பேரு, அப்பத்தா பேரு, அவங்க மாமியா பேருன்னு வரிசையா கேப்பாரே, அங்க என்ன சொல்லுவீங்க, முழிப்பீங்களா?

இப்ப பிராக்கெட்டுக்கு வரேன். லெட்டர்லயே முக்கியமான விஷயத்த பிராக்கெட்டுக்குள்ள போட்டு மூடிட்டீங்க. அத்தை கையெழுத்து போடலன்னா அவங்க பங்க அவங்க விட்டுக் குடுக்கல, அவ்ளோதான. அப்பா உயில் எழுதாம போனா அவரு சுயமா சம்பாதிச்சதுல மகளுக்கும் சம பங்குன்னு 1956-லயே சட்டம் வந்தாச்சு, பூர்வீகத்துலயும் 2005-ல வந்துருச்சு. இது தெரிஞ்சுதான வீட்ல கையெழுத்து கேட்டிருப்பாங்க? கேட்டது தப்பு, கிடைக்கலன்னு பேச்ச நிறுத்துனது அதவிட பெரிய தப்பு. பொறந்த வீட்டு உரிமைய கேட்டா பொண்ணு எதிரி ஆயிடுறா, ஆனா கல்யாணம்னா குத்துவிளக்கேத்த, இழவுன்னா ஒப்பாரி வெக்க மட்டும் அத்தை வேணும். எனக்கு இந்த கதைய படிச்சு படிச்சு அலுத்துப்போச்சு தம்பி. அவங்க சின்ன வயசுல அந்த 1911 வேலு திண்ணைல உக்காந்திருந்ததை கண்ணால பாத்திருக்கலாம், பாத்த அப்பத்தா யாராவது சொல்ல கேட்டாவது இருப்பாங்க, நீங்க என்னடான்னா என்கிட்ட லெட்டர் போட்டுட்டு இருக்கீங்க, அதுலயும் 'பெரிய அத்தை'ன்னு மட்டும்தான் இருக்கு, அவங்களுக்கு பேரு இல்லையா?

அடுத்த ஞாயித்துக்கிழமை போங்க. தனியா போங்க, அப்பாவ கூட்டிட்டு போனா வாசல்லயே சண்டை வரும். கைல பத்திரம் கித்திரம் எதுவும் வேணாம், ட்ரங்கு பெட்டி பக்கம் திரும்பி கூட பாக்காதீங்க. புது பேப்பர்ல பென்சில்ல சார்ட் போட்டு, உங்கப்பா பேருக்கு பக்கத்துல அத்தை பேர எழுதிட்டு, மாமா பேரும் பிள்ளைங்க பேரும் அவங்களையே கேட்டு எழுதுங்க.