கேள்வி பதில்: பொலிசுக்குப் போவதற்கு முன்னும் பின்னும்

பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சட்டத்தரணி இல்லை. அடிபட்ட ஆட்களோடு பொலிஸ், ஆஸ்பத்திரி, கோட் என்று அலைந்த அனுபவத்தில்தான் பதில் சொல்கிறேன். கேட்டவர்களின் ஊர்ப் பெயர் மட்டும் போட்டிருக்கிறேன்.

விசுவமடு: அக்கா, இவர் குடித்தால் அடிப்பார். போன மாதம் கழுத்தைப் பிடித்து நெரித்துவிட்டார். பொலிசுக்குப் போனால் பிணையில் வந்து இன்னும் அடிப்பான் என்று மாமியே சொல்கிறா.

தங்கச்சி, கன்னத்தில் அறைவதும் கழுத்தை நெரிப்பதும் ஒன்றில்லை. ஒருதரம் கழுத்தில் கை வைத்தவன் பிறகு கொலை வரைக்கும் போகக்கூடிய ஆபத்து மிக அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. வெளியே காயம் தெரியாவிட்டாலும் குரல் கம்மினாலோ விழுங்க நோவாக இருந்தாலோ இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எப்படி நடந்தது என்று டாக்டரிடம் உள்ளபடி சொல்லுங்கள். ‘கிணற்றடியில் விழுந்தேன்’ என்று சொன்னால் அதுதான் துண்டில் ஏறும், பிறகு கோட்டிலும் அதைத்தான் வாசிப்பார்கள்.

மாமி சொல்வதிலும் ஞாயம் இருக்கிறது. அதற்காகத்தான் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்தது. நீங்களே நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், உங்களுக்காகப் பொலிசும் கேட்கலாம். முதலில் 14 நாளுக்கு இடைக்காலக் கட்டளை, விசாரித்த பிறகு 12 மாதம் வரைக்கும் கட்டளை. வீடு அவர் பெயரில் இருந்தாலும் வீட்டுக்குள் வரக்கூடாது என்று நீதவான் சொல்லலாம், அதனால் வீட்டு உரிமை மாறாது. மீறினால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 10,000 ரூபா வரை தண்டம், இரண்டும் கூட வரலாம்.

ஒன்று மட்டும் கவனம். ‘விட்டிட்டுப் போறன்’ என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வெளிக்கிட வேண்டாம். ஒரு பெண் பிரிந்து போகிற நேரம்தான் ஆக ஆபத்தான நேரம். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் நம்பிக்கையான ஒரு வீட்டில் முதலே கொண்டுபோய் வையுங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. அவசரம் என்றால் 119.

பரந்தன்: முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்துக் கேட்டார்கள். போட்டுவிட்டேன். பிழையா?

வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள் என்று இருபது வருடமாகச் சொல்லி வாய் வலிக்கிறது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவைப் பாருங்கள். நீங்கள் சொன்ன மொழியிலேயே எழுதி வாசித்துக் காட்ட வேண்டும். அங்கே தமிழ் எழுத ஆள் இல்லாவிட்டால் நீங்கள் எழுதிக் கொடுக்கும்படி அவர்கள்தான் கேட்க வேண்டும். ஆகவே வீட்டிலேயே தமிழில் எழுதி, திகதி போட்டு, ஒரு பிரதி வைத்துக்கொண்டு போங்கள். அப்புறம், முறைப்பாட்டு இலக்கம் வாங்காமல் வாசலைத் தாண்டாதீர்கள். எனக்கே ஒரு நிலையத்தில், மூன்று தரம் அலைந்த பிறகு ‘அப்படி ஒரு முறைப்பாடே இல்லை’ என்று சொன்னார்கள். அன்றைக்கு இலக்கம் வாங்காதது என் பிழைதான்.

நெடுங்கேணி: பன்றிக்குக் கட்டுத்துவக்கு வைத்தால் கள்ளனுக்கும் ஒரு பயம் இருக்கும்தானே?

கம்பியில் கால் பட்டால் வெடிக்கிற துவக்குக்குப் பன்றியும் தெரியாது, கள்ளனும் தெரியாது. விறகுக்குப் போன மனுசியின் முழங்காலும் தெரியாது. அது சட்டவிரோதம். கழற்றுங்கள்.

மல்லாவி: வாள்வெட்டுக் கோஷ்டிப் பெடியன் ஒருவனைப் பிடித்து மரத்தில் கட்டி நல்ல சாத்துப் போட்டோம். பொலிஸ் எங்கள் பெடியளைத்தான் பிடித்தது. இது என்ன நியாயம்?

பாரிய குற்றத்தைக் கண்ணுக்கு முன்னால் செய்தவனைப் பொதுமகனும் பிடிக்கலாம். பிடித்தவுடன் சுணங்காமல் பொலிசில் ஒப்படைக்க வேண்டும். அவன் வாளை ஓங்கும்போது தடுத்து அடித்தால் தண்டனைச் சட்டக்கோவையின் 89ஆம் பிரிவிலிருந்து வரும் தற்காப்பு உரிமை இருக்கிறது. கயிறு கட்டிய பிறகு விழுகிற அடி தற்காப்பு இல்லை.

துணுக்காய்: பிள்ளை, சட்டம் கதைக்காதை. புலிகளின் இயக்கம் இருந்த காலத்தில் பொம்பிளைப் பிள்ளை நகையோடு இரவில் தனியச் சைக்கிளில் போகலாம். பயம் இருந்தது, அதனால் களவு இல்லை.

ஐயா, இந்தக் கதை வரும் என்று எனக்குத் தெரியும். இரவில் சைக்கிளில் போனவர்களில் நானும் ஒருத்தி, அதை மறுக்க மாட்டேன். 1991இல் இயக்கம் தொடங்கிய காவல்துறைக்குப் பயந்து பலர் திருந்தியதும் உண்மை. ஆனால் வீட்டுக்குள்ளே அடி வாங்கிய பெண்கள் அப்போதும் என்னிடம் வந்து அழுதார்கள். தெருவில் இருந்த பயம் எல்லா வீட்டு அடுப்படிக்கும் போகவில்லை. 2008, 2009இல் இயக்கத்தின் கட்டாய ஆட்சேர்ப்புக்குப் பயந்து பதின்ம வயதுப் பிள்ளையைப் பதுங்குகுழிக்குள் ஒளித்து வைத்த தாய்மாரிடமும் பாதுகாப்பைப் பற்றி ஒருதரம் கேட்டுப் பாருங்கள்.

மாங்குளம்: ஐயா சொல்வது சரி. இப்ப சந்திக்குச் சந்தி ஆமி நிற்கிறது, கசிப்புச் சாராயமும் ஐஸ் போதைப்பொருளும் எப்படி வருகுது?

தம்பி, நல்ல கேள்வி. நானும் அதையேதான் கேட்கிறேன். ஆனால் அதற்குப் பதில் பெடியளின் கையில் பொல்லைக் கொடுப்பது இல்லை. இன்றைக்குக் கள்ளனுக்கு விழுகிற பொல்லு நாளைக்குக் காணிச் சண்டையிலும் விழும். நான் பார்த்திருக்கிறேன்.

துணுக்காய்: நீ என்ன சொன்னாலும் அந்தக் காலம் அந்தக் காலம்தான்.

சரி ஐயா. இதை உங்கள் வீட்டுத் திண்ணையில் பிறகு கதைப்போம், தேத்தண்ணி உங்கள் செலவு. கேள்விகள் நிறையக் கிடக்கின்றன.

அக்கராயன்: எந்தக் கமரா நல்லது?

கடையில் கேளுங்கள்.

தர்மபுரம்: 15 வயது மகள் ஒரு பெடியனோடு போய் இரண்டு நாளில் திரும்பி வந்தாள். விருப்பப்பட்டுத்தான் போனாள். மானம் போகாமல் கட்டி வைக்கச் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் என்ன கதைப்பார்கள்?

அம்மா, 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் ‘விருப்பம்’ சட்டத்தில் சம்மதம் ஆகாது. பொதுச் சட்டப்படி திருமண வயது 18. ஆகவே கட்டி வைக்கச் சொல்கிறவர் குற்றத்தை மூடி மறைக்கத்தான் சொல்கிறார். பிள்ளையைத் திட்டாதீர்கள், குளிக்க வார்க்காதீர்கள், உடுப்பைத் துவைக்காதீர்கள். உடுப்பைப் பொலித்தீனில் கட்டினால் ஈரத்தில் பழுதாகும், கடதாசிப் பையில் போட்டுக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சட்ட வைத்திய அதிகாரி பார்ப்பார். சிறுவர் உதவி இலக்கம் 1929, இரவிலும் எடுக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் என்ன கதைப்பார்கள் என்று கேட்டிருந்தீர்கள். அதை விடுங்கள், இன்று இரவு பிள்ளைக்குப் பக்கத்தில் இருங்கள்.

முழங்காவில்: பாதுகாப்புக் கட்டளை எத்தனை நாளுக்குச் செல்லும்?

விசுவமடுத் தங்கச்சிக்கு எழுதியதைப் பாருங்கள்.

ஒட்டுசுட்டான்: கணவன் இல்லை, மகன்தான் அடிக்கிறான். ஐஸ் பழகிவிட்டான். பெற்ற பிள்ளைக்கு எதிராகக் கட்டளை கேட்கலாமா?

கேட்கலாம். வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் மகனும் வருவான், சகோதரனும் வருவான். போதையை விடச் சிகிச்சை வேண்டும், அதை வைத்தியரோடு தனியாகப் பாருங்கள். ஆனால் அவன் திருந்தும் வரைக்கும் நீங்கள் அடி வாங்க வேண்டியதில்லை. இரவில் கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் இருக்கிற அறையில் படுங்கள். கத்தி, கோடாலியை வெளியே விடாதீர்கள். வழக்குப் பேசக் காசில்லை என்றால் மாவட்டத்தில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள்.

புதுக்குடியிருப்பு: அக்கா, அந்த இடைக்காலக் கட்டளை எத்தனை நாள்?

பதினான்கு. முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கினீர்களா?