மகளுக்கு ரேஸிங் சூட் வாங்கலாமா?

வணக்கம். உங்கள் மகளுக்கு 12 வயது, 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீச்சலில் 1:14 (1 நிமிடம் 14 நொடி), மாவட்டப் போட்டிக்கு விலையுயர்ந்த ரேஸிங் சூட், அதாவது வேகமாக நீந்த உதவும் இறுக்கமான நீச்சல் உடை, வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம் என்பேன்.

சூட்டால் பலனே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2009 ரோம் உலக நீச்சல் சாம்பியன்ஷிப்பை நினைத்துப் பாருங்கள். பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகையில் செய்த சூட்டுகள் உடலை இறுக்கி, மிதப்பையும் கூட்டின. ஒரே போட்டியில் 43 உலக சாதனைகள் விழுந்தன. 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் ஜெர்மனியின் பால் பீடர்மேன் 1:42.00-இல் முடித்து மைக்கேல் ஃபெல்ப்ஸையே தோற்கடித்தார். 2010 முதல் அவற்றுக்குத் தடை. இன்று கடையில் கிடைப்பது துணி சூட்தான். அதுவும் உடலை இறுக்கும், தண்ணீரை ஒட்டவிடாது, ஆனால் அந்த மாயம் அதில் இல்லை.

இந்த வயதில் நேரம் குறைவது டைவிலும், திரும்பும்போது சுவரை உதைத்து நீருக்கடியில் உடலை நேராக வைத்துப் போவதிலும்தான். அங்கே ஒரு நொடிக்கு மேல்கூட மிச்சமாகும். அப்புறம், குழந்தை வளர்கிறாள். இன்று இறுக்கமாக இருப்பது அடுத்த ஆண்டு ஏறவே ஏறாது. அமெரிக்காவில் 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்கு இத்தகைய சூட்டுகளை 2020-லேயே கட்டுப்படுத்திவிட்டார்கள்.

உடம்போடு ஒட்டி நிற்கும் சாதாரண போட்டி சூட் ஒன்றும், நல்ல சிலிக்கான் தொப்பியும் போதும். மிச்சப் பணத்தில் டைவ், டர்ன் இரண்டுக்கும் தனிப்பயிற்சி கொடுங்கள். மாநில அளவுக்குப் போகும்போது சூட்டைப் பற்றி மறுபடி கேளுங்கள், அளவு பார்க்க நானே உதவுகிறேன்.