சனிக்கிழமை வாள், ஞாயிற்றுக்கிழமை விருந்து

கேள்வி: நாங்கள் காரைக்குடியில் வசிக்கிறோம். சென்னையில் நடக்கும் காமிக் கான் என்ற காமிக்ஸ் ரசிகர் விழாவுக்கு, அனிமே (ஜப்பானிய கார்ட்டூன்) வீராங்கனை வேடமிட்டுப் போக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. தோள்கவசமும் நான்கடி வாளும் நானே செய்துகொண்டிருக்கிறேன். என் கணவருக்கு அதில் நாட்டமில்லை. நட்சத்திர ஹோட்டலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரன்ச் சாப்பிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. இரண்டையும் ஞாயிறு ஒரே நாளில் முடித்துக்கொண்டு பல்லவன் ரயிலில் ஊர் திரும்பிவிடலாமா? வாளை எப்படி எடுத்துப் போவது? அவர் வேட்டியில் வரலாமா? "கலியாணமான பெண் வேஷம் கட்டிக்கொண்டு திரிவதா" என்று மாமியார் கேட்கிறார். அதற்கும் ஒரு பதில் வேண்டும்.

பதில்: ஒரே நாளில் முடியாது. அலுப்பு ஒரு காரணம்தான். முதல் சிக்கல் கடிகாரம்.

பிரன்ச் என்றதும் காலைப் பலகாரத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் பத்து மணி வாக்கில் உண்பது என்று நினைத்திருப்பீர்கள். சென்னை நட்சத்திர ஹோட்டல்களில் ஞாயிறு பிரன்ச் பெரும்பாலும் பன்னிரண்டரை மணிக்குத் தொடங்கி மூன்று, மூன்றரைக்கு முடியும். பெயர்தான் பிரன்ச்; நடப்பது மதிய விருந்து. காமிக் கான் அரங்கு காலை பதினொரு மணி வாக்கில் திறந்து இரவு எட்டு மணிவரை நடக்கும். அதாவது உங்கள் கணவரின் மூன்று மணி நேரம் உங்கள் நாளின் நடுவயிற்றில் வந்து உட்காருகிறது. கவசத்தைக் கழற்றி, முகத்தைக் கழுவி, சாப்பிட்டுவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டு போகலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பல்லவனோ எழும்பூரிலிருந்து பிற்பகலிலேயே கிளம்பிவிடும். பிரன்ச்சில் பாயசக் கிண்ணத்தைக் கையில் எடுக்கும் நேரத்தில் ரயில் நகர்ந்திருக்கும்.

ஆகவே சனிக்கிழமை உங்களுக்கு, ஞாயிற்றுக்கிழமை அவருக்கு. விட்டுக்கொடுக்கிறோம் என்ற பெயரில் இரண்டையும் பாதிப் பாதியாக அனுபவிப்பதைவிட, ஒரு நாள் அவர் உங்கள் பையைத் தூக்கட்டும், மறுநாள் நீங்கள் அவருடன் சாவகாசமாக உட்காருங்கள். நம் பக்கம் பல வீடுகளில் சனிக்கிழமை அசைவம் தொடுவதில்லை. உங்கள் வீட்டிலும் அப்படியென்றால் அதுவும் இந்த வரிசைக்கே பொருந்தும். இரண்டாயிரத்துச் சொச்சம் கொடுத்து இறால் தட்டைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்க வேண்டியதில்லை.

டெல்லியில் 2011-ல் தொடங்கிய காமிக் கான் இந்தியா, 2024 பிப்ரவரியில்தான் முதன்முதலாகச் சென்னைக்கு வந்தது. அந்த ஆண்டும் 2025 பிப்ரவரியிலும் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் சனி, ஞாயிறு இரண்டு நாட்கள் நடந்தது. தேதி அறிவித்ததும் முதலில் ரயில், அடுத்து நுழைவுச் சீட்டு, அதன் பிறகு அறை என்ற வரிசையில் வேலையை முடியுங்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. 120 நாள் கணக்கு 2024 நவம்பரோடு போய்விட்டது. வாரக்கடைசிக்குக் காரைக்குடி ஒதுக்கீட்டில் படுக்கை சீக்கிரம் தீர்ந்துவிடும். தட்கலை நம்பி வாள் செய்யாதீர்கள். நுழைவுச் சீட்டு நாள் கணக்கில் விற்கப்படுவது. பணம் கட்டும் முன் சனிக்கிழமைச் சீட்டுதானா என்று ஒருமுறை பாருங்கள்.

வெள்ளி இரவு ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸ் அல்லது சேது, இரண்டில் எதில் ஏறினாலும் காலையில் சென்னை. எழும்பூர் நிலையத்தில் மறுசீரமைப்பு வேலை நடப்பதால் சில ரயில்களைத் தாம்பரத்தோடு நிறுத்துவதுண்டு. உங்கள் டிக்கெட்டில் எந்த நிலையம் போட்டிருக்கிறது என்று பாருங்கள். எழும்பூரில் இறங்கினால் மெட்ரோவின் பச்சை வழித்தடத்தில் மாறாமலே ஆலந்தூர் போகலாம். அங்கிருந்து வர்த்தக மையம் ஆட்டோவில் சிறிது தூரம். தாம்பரத்தில் இறங்கினால் புறநகர் மின்ரயிலில் பரங்கிமலை. இதனால் தி.நகரில் அறை எடுக்க வேண்டாம் என்பேன். எழும்பூர் அல்லது ஆலந்தூர், கிண்டிப் பக்கம் தங்குங்கள். கடைத்தெருவுக்குப் பக்கத்தில் அறை கிடைத்தால் சனிக்கிழமை இரவு புடவைக் கடைக்குள் நுழைந்துவிடுவீர்கள் என்ற அச்சமும் எனக்கு உண்டு.

பலர் யோசிக்காத ஒரு சிக்கல் இருக்கிறது. ரயில் காலை ஆறு, ஏழு மணிக்குக் கொண்டுபோய் விடும். பெரும்பாலான ஹோட்டல்களில் அறை கிடைப்பது பகல் பன்னிரண்டுக்கு அல்லது இரண்டுக்கு. வேடமிடப் போகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை. முகப்பூச்சு, விக், கவசம் என்று குறைந்தது இரண்டு மணி நேரமாவது கண்ணாடி முன் வேண்டும். எழும்பூர் பக்கத்தில் உள்நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் கணக்கிடும் விடுதிகள் இருக்கின்றன, அப்படியொன்றைத் தேடுங்கள். இல்லாவிட்டால் ரயில் நிலைய ஓய்வறையை டிக்கெட் எண் கொடுத்து முன்பதிவு செய்யலாம். அதுவும் கிடைக்காவிட்டால் வெள்ளி இரவுக்கும் சேர்த்து அறை வாடகை கொடுத்துவிடுங்கள். அரங்கின் கழிவறையில் வேடமிட்டுக்கொள்ளலாம் என்று மட்டும் திட்டமிட வேண்டாம்.

இனி வாள். நான்கடியை ஒரே துண்டாகச் செய்யாதீர்கள். நடுவில் பிரியும்படி இரண்டு துண்டாகச் செய்யுங்கள். உள்ளே முக்கால் அங்குல பிவிசி குழாய், இணைப்புக்குப் பிளம்பிங் கடையில் கிடைக்கும் கப்ளர், மேலே ஈவிஏ ஃபோம் என்னும் மெத்தென்ற நுரைத் தகடு. கப்ளரின் ஒரு பக்கத்தை மட்டும் ஒட்டி, மறுபக்கத்தைச் சொருகும்படி விட்டால் இரண்டடித் துண்டுகளாகக் கீழ்ப் படுக்கைக்கு அடியில் போய்விடும். எழுதுபொருள் கடையில் கிடைக்கும் மெல்லிய ஃபோம் ஷீட் அலங்காரத்துக்கு மட்டுமே உதவும். தோள்கவசத்துக்கு, குழந்தைகள் விளையாடக் கட்டம் கட்டமாகக் கோத்துத் தரையில் விரிக்கும் பாய் இருக்கிறதே, அந்தத் தடிமன் வேண்டும். அதைச் சூடுகாட்டி வளைத்து, ஆறும்வரை பிடித்துக்கொண்டிருந்தால் வளைவு நிற்கும். ஃபோமின் மேல் நேரடியாக வண்ணம் அடித்தால் உறிஞ்சிக்கொள்ளும். ஃபெவிகாலில் கொஞ்சம் தண்ணீர் கலந்து இரண்டு மூன்று பூச்சு கொடுத்து, காய்ந்த பிறகு அக்ரிலிக் வண்ணம் அடியுங்கள்.

ஒட்டுவதற்குச் சூட்டுப் பசைத் துப்பாக்கியை முழுக்க நம்ப வேண்டாம். அந்தப் பசை வெயிலில் இளகும். பிப்ரவரியானாலும் சென்னைப் பகல் முப்பது டிகிரியைத் தொடும். நுழைவு வரிசை வெயிலில் நின்றால் தோள்கவசம் உங்களுக்கு முன்னால் தளர்ந்துவிடும். செருப்புத் தைப்பவர்கள் தடவும் வகையான ரப்பர் பசையை இரண்டு பக்கமும் பூசி, கையில் ஒட்டாத அளவு காயவிட்டு, பிறகு சேர்த்து அழுத்துங்கள். பிடித்தால் விடாது. அதன் நெடி தலையைச் சுற்றவைக்கும் என்பதால் அடைத்த அறையில் செய்யாதீர்கள். முற்றமுள்ள வீடாக இருந்தால் அதைவிட நல்ல பட்டறை கிடையாது.

இரும்பு, அலுமினியம், கூரான முனை எதுவும் கூடாது. இத்தகைய விழாக்களின் வாசலில் ஆயுதப் பொம்மைகளைச் சோதித்துத்தான் உள்ளே விடுவார்கள். மெட்ரோவிலும் பைகள் ஸ்கேனருக்குள் போகும். குழாயும் ஃபோமும் என்று உடனே விரித்துக் காட்டும்படி ஒரு பழைய போர்வையில் சுற்றிக்கொள்ளுங்கள். இடுப்பில் சொருகிக்கொண்டு ஆலந்தூர் நிலையத்தில் நடப்பது வீரமாகத்தான் இருக்கும், ஆனால் காவலருடன் பேசியே முற்பகல் போய்விடும். அசல்போலத் தெரியும் பொம்மைத் துப்பாக்கி எண்ணம் ஏதும் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

வேடத்தை முழுக்க மாட்டிக்கொண்டு ஊரிலேயே ஒரு பகல் முழுவதும் இருந்து பாருங்கள். உட்கார முடிகிறதா, படி ஏற முடிகிறதா, தண்ணீர் குடிக்க முடிகிறதா? முக்கியமாக, கழிவறைக்குப் போக முடிகிறதா? கவசத்தைப் பின்னால் ஊக்குப் போட்டு இறுக்கியிருந்தால் ஒவ்வொரு முறையும் இன்னொருவர் உதவி வேண்டும். பெண்கள் கழிவறை வாசல்வரைதான் உங்கள் கணவர் வர முடியும். பக்கவாட்டில் வெல்க்ரோ வைத்தால் தனியாகவே கழற்றி மாட்டலாம். அரங்கின் தரை கடினம். வேடத்துக்கேற்ற காலணி குதிகால் உயர்ந்ததாக இருந்தால், பழகிய செருப்பு ஒன்று பையில் இருக்கட்டும். கண்ணின் நிறத்தை மாற்றும் லென்ஸைக் கண் மருத்துவரைப் பார்க்காமல் இணையத்தில் வாங்கிப் போடாதீர்கள். இதில் நான் சமரசம் செய்வதில்லை.

மேலங்கி ஒன்று வேண்டியிருந்தால் பீரோவில் கிடக்கும் பழைய கண்டாங்கிச் சேலையை யோசித்துப் பாருங்கள். அகலக் கரையும் கட்டமும் அந்த அழுத்தமான நிறங்களும் மேடை வெளிச்சத்தில் எடுப்பாக நிற்கும். பருத்தி என்பதால் வியர்வையையும் தாங்கும். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற நம்மூர்ச் சேலை ஒரு ஜப்பானிய வீராங்கனையின் தோளில் தொங்குவதை, வந்திருப்பவர்களில் பாதிப்பேர் நின்று படம் எடுப்பார்கள். படமெடுக்கும் முன் அனுமதி கேட்பது அங்கே மரபு. கேட்காமல் தோளில் கை போடுகிறவர்களைத் தயங்காமல் விலக்கலாம். உங்கள் கணவருக்கு அங்கே இருக்கும் முக்கிய வேலையும் அதுதான். கூடவே பசை, ஊக்கு, இரட்டைப் பக்க டேப், தண்ணீர். வேடப் போட்டியில் கலந்துகொள்ள எண்ணமிருந்தால் பதிவு நேரத்தை அமைப்பாளர்களின் அறிவிப்பில் பார்த்துக்கொண்டு வாசல் திறந்ததும் போய்விடுங்கள்.

ஒரு வேளை அவர் சிறு வயதில் முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் படித்தவராக இருந்தால், அந்த நினைவோடு இங்கே வர வேண்டாம். இந்த விழாவில் ஆங்கில காமிக்ஸும் அனிமேவும் வீடியோ கேமும்தான் பேரிரைச்சல். சிவகாசியில் 1972-ல் பிறந்த முத்துவையும் 1984-ல் வந்த லயனையும் தேடுகிறவர்களுக்கு ஜனவரி மாதச் சென்னைப் புத்தகக் காட்சிதான் சரியான இடம்.

ஞாயிறுக்கு வருவோம். மேசையை முன்பதிவு செய்யும்போதே, சொல்லும் விலையில் வரி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். ஓர் இரவுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் அறை வாடகை வாங்கும் ஹோட்டலின் உணவகத்தில் ஜிஎஸ்டி 18 சதவீதம். சாதாரண உணவகத்தில் 5 சதவீதம்தான். தலைக்கு 2,500 என்று வைத்துக்கொண்டால் இருவருக்கு 5,000, வரியோடு 5,900. இதில் சேவைக் கட்டணம் என்று பத்து சதவீதம் சேர்த்தால் அதற்கும் வரி ஏறி 6,490 ஆகிவிடும். சேவைக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது. எடுத்துவிடச் சொல்லுங்கள், பரிமாறியவருக்கு நீங்களாக விரும்பிக் கொடுப்பது வேறு.

சாப்பாட்டில் ஒரே ஒரு யோசனை. அங்கே ஒரு மூலையில் செட்டிநாடு என்று பலகை வைத்து மிளகு வறுவல் ஒன்றை வைத்திருப்பார்கள். அதை வெளியூர்க்காரர்களுக்கு விட்டுவிடுங்கள். பிரியாணியும் வேண்டாம். தட்டை எடுக்கும் முன் எல்லாப் பக்கமும் ஒருமுறை சுற்றி வந்து, வீட்டில் கிடைக்காதவற்றைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்: பாலாடைக்கட்டி வகைகள், பனிக்கட்டி மேல் வைத்த கடல் உணவு, கண்ணெதிரே செய்து தரும் பாஸ்தா. ரொட்டியும் சூப்பும் முதலில் வயிற்றை அடைத்துவிடும். நம் பந்தியில் இலைக்குமுன் உட்கார்ந்தால் பரிமாறுகிறவர் வற்புறுத்துவார். இங்கே யாரும் வற்புறுத்தமாட்டார்கள், அவசரப்படுத்தவும் மாட்டார்கள். பன்னிரண்டரைக்கே போய் உட்காருங்கள். மூன்று மணிக்கு மேல் பல தட்டுகள் காலியாகத் தொடங்கும்.

வேட்டியில் தாராளமாக வரட்டும். சென்னைக் கிளப் ஒன்றில் வேட்டி கட்டிவந்த உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடாத விவகாரத்துக்குப் பிறகு, 2014-ல் தமிழ்நாடு அரசு சட்டமே கொண்டுவந்துவிட்டது. கிளப்போ நிறுவனமோ வேட்டிக்குத் தடை போட முடியாது. ரப்பர் செருப்பை மட்டும் அறையில் விட்டுவிட்டு வரட்டும். அதற்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது.

திரும்புவதற்குச் சேது மாலையிலேயே கிளம்பிவிடும். பிரன்ச் முடித்து, அறையிலிருந்து பெட்டிகளை எடுத்துக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். காரைக்குடிக்கும் அது அகால வேளையில் வரும். அதற்குப் பின்னால் கிளம்பும் ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸ் தஞ்சாவூர் வழியாகச் சுற்றி விடியலை ஒட்டி வருவதால் உங்களுக்கு அதுவே வசதி. சிலம்பு எக்ஸ்பிரஸ் தினமும் ஓடுவதில்லை என்பதால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

மாமியாருக்கான பதில்: நம் பக்கத்துத் திருவிழாக்களில் விடிய விடிய நாடகம் பார்த்து வளர்ந்தவராகத்தான் அவர் இருப்பார். ராஜா வேடம் கட்டியவர் கலியாணமானவரா என்று அன்றைக்கு யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். ஆனாலும் வாதம் செய்யாதீர்கள். தோள்கவசத்துக்குத் துணி உள்விளிம்பு தைக்க வேண்டியிருக்கிறது, உங்களுக்குத் தையல் சரியாக வரவில்லை என்று சொல்லி அவரிடமே கொடுத்துப் பாருங்கள்.