விரல் போனது, ‘என் தப்புதான்’ என்று எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: மணலி பக்கம் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் மெஷின் (பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் வார்ப்பது) செட்டராக இருக்கிறேன். புரொடக்‌ஷன் ஏறவில்லை என்று சூப்பர்வைசர் சொன்னதால், சேஃப்டி டோர் லிமிட் ஸ்விட்சை (கதவு திறந்திருந்தால் மெஷினை ஓட விடாத ஸ்விட்ச்) நானே கம்பியால் கட்டி வைத்தேன். நைட் ஷிஃப்டில் மோல்டில் ஒட்டிய டப்பாவை எடுக்கக் கை விட்டபோது மோல்டு மூடிக்கொண்டது. வலது ஆள்காட்டி விரலில் இரண்டு கணு போய்விட்டது. ஆஸ்பத்திரி பில்லை முதலாளி கட்டினார். இப்போது 25,000 ரூபாய் தருகிறேன், ‘என் கவனக்குறைவுதான், இனி எதுவும் கேட்க மாட்டேன்’ என்று கையெழுத்துக் கேட்கிறார். சம்பளம் 18,500, ஈஎஸ்ஐ பிடிக்கிறார்கள்.

பதில்: போடாதீர்கள் தம்பி. அந்தப் பணத்தைவிடப் பெரிய உரிமை உங்கள் சம்பளச் சீட்டிலேயே இருக்கிறது. ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) என்று மாதம் 139 ரூபாய் பிடித்திருப்பார்களே, அதுதான்.

ஸ்விட்சைக் கட்டியது நீங்கள்தானே என்று மிரட்டுவார்கள். பாதுகாப்பு விதியை மீறியிருந்தாலும், கம்பெனி வேலைக்காகச் செய்ததில் அடிபட்டால் அது வேலைக் காயம்தான் என்கிறது சட்டம். நீங்கள் டப்பா எடுத்தது கம்பெனிக்காக. ஆனால் உங்கள் கையாலேயே ‘கவனக்குறைவு’ என்று எழுதிக் கொடுத்தால் தேவையில்லாத வாக்குவாதம் கிளம்பும்.

கிடைப்பது என்ன? வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரி தினக்கூலியில் 90 சதவீதம். அப்புறம் நிரந்தர ஊனத்துக்கு, மெடிக்கல் போர்டு முடிவுப்படி, ஆயுள் முழுவதும் மாதாமாதம் பணம். ஆள்காட்டி விரலில் இரண்டு கணு போனால், சம்பாதிக்கும் திறனில் இழப்பு 11 சதவீதம் என்கிறது சட்டத்தின் அட்டவணை. உங்கள் சம்பளத்துக்கு உத்தேசமாக மாதம் 1,800 ரூபாய். ஒன்றேகால் வருடத்திலேயே 25,000-ஐத் தாண்டிவிடும். போர்டு குறைத்துப் போட்டால் மேல்முறையீடு உண்டு.

கம்பெனி படிவம் 12-ல் விபத்து அறிக்கை அனுப்பியதா என்று ஈஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் கேளுங்கள். அனுப்பவில்லை என்றால் நீங்களே எழுத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் பாருங்கள்: ‘வேலையில் மெஷினில் மாட்டியது’ என்று இருக்கிறதா, ‘வீட்டில் கதவு இடுக்கில்’ என்று இருக்கிறதா? இரண்டாவதாக இருந்தால் உடனே திருத்தக் கேட்டு மனுக் கொடுங்கள். நான் பார்த்த வழக்குகளில் பாதி இங்கேதான் சிக்குகிறது. சூப்பர்வைசர் அனுப்பிய வாட்ஸப் செய்தி எதையும் அழிக்காதீர்கள். இனி ஈஎஸ்ஐ மருந்தகத்திலோ அயனாவரம் ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரியிலோ காட்டி, டாக்டர் சான்றிதழை விடாமல் வாங்குங்கள்.

கம்பெனி மேல் தனியாக வழக்குப் போட்டு லட்சக்கணக்கில் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள். ஈஎஸ்ஐ உள்ளவருக்கு அந்த வழியைச் சட்டமே அடைத்திருக்கிறது. தற்காலிக ஊன உதவி (மேலே சொன்ன 90 சதவீதம்) வாங்கும் காலத்தில் வேலையை விட்டு நீக்கவும் கூடாது. நீக்கினால் அந்தக் கடிதத்தோடு வாருங்கள்.

ஸ்விட்ச் இன்னும் கட்டியே இருந்தால், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்குப் புகார் எழுதுங்கள். புகார் கொடுத்தவர் யார் என்பதை ஆய்வாளர் வெளியே சொல்லக் கூடாது.