மரபணு அறிக்கையும் காய்ச்சல் மருந்தும்

மகனின் மரபணு அறிக்கையில் ஏஆர்பிசி1பி என்ற பெயரைக் கண்டு, இணையத்தில் தேடி, இது புற்றுநோயா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மூன்று வயது மகனின் அறிக்கை சொல்வது புற்றுநோயை அல்ல, பிறப்பிலேயே வரும் ஒரு நோய் எதிர்ப்புக் குறைபாட்டை. அதை முதலில் மனதில் இருந்து இறக்கி வையுங்கள்.

கலங்களுக்கு உருவமும் அசைவும் கொடுப்பவை அக்டின் என்ற புரத இழைகள். ஓர் இழையின் பக்கத்தில் இன்னொன்று கிளைவிட ஆர்ப்2/3 என்ற ஏழு புரதங்களின் கூட்டு வேண்டும். அறிக்கையில் உள்ள ஏஆர்பிசி1பி அந்த ஏழில் ஒன்று, முக்கியமாக இரத்தக் கலங்களில் வேலை செய்வது. புற்றுக் கலங்களும் நகர இந்தக் கூட்டைப் பயன்படுத்துவதால்தான் இணையத்தில் நீங்கள் அப்படி வாசித்தீர்கள். உங்கள் பிள்ளைக்கோ அந்தப் புரதம் குறைவு. அதனால் வெண்குழியங்கள் கிருமியை ஒழுங்காக எதிர்ப்பதில்லை. இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டுகளும் சிறிதாக, குறைவாக இருக்கின்றன. தோலில் கரப்பான், விடாத சளி, இரத்தக் கசிவு எல்லாம் இதன் விளைவுதான்.

இறைச்சியில் அக்டின் இருக்கிறது, நிறுத்தவா என்கிறீர்கள். வேண்டாம், அது வயிற்றில் செரித்துவிடும். உங்கள் தலைமுடி கொட்டுவதும் இதனாலா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஆனால், காய்ச்சலுக்குப் பாமசியில் இபுபுரூபன் பாணி வாங்கிக் கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை என்னால் விட முடியாது. டெங்கு இருக்கும் கொழும்பில் காய்ச்சல் கண்ட எந்தப் பிள்ளைக்கும் வைத்தியரைக் கேட்காமல் அதைக் கொடுக்கக் கூடாது. பிளேட்லெட் பழுதான பிள்ளைக்கு இன்னும் ஆபத்து. இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். அஸ்பிரினும் அப்படித்தான். எடைக்கேற்ற அளவில் பரசிட்டமோல் மட்டும் போதும். வீட்டில் மிச்சமிருந்த அன்டிபயாட்டிக்கையும் இனி நீங்களாக எடுத்துக் கொடுக்காதீர்கள்.

காய்ச்சல் வந்தால் அவனை அன்றே வைத்தியரிடம் காட்ட வேண்டும். அதோடு, அழுத்தினாலும் மறையாத ஊசிமுனைச் சிவப்புப் புள்ளிகள் தோலில் தெரிந்தால், அல்லது மலத்தில் இரத்தம் போனால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வெள்ளவத்தையிலிருந்து பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை தூரமில்லை. அறிக்கையையும் கையில் கொண்டு போங்கள். எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை இந்த நோயுள்ள சில பிள்ளைகளைக் குணப்படுத்தியிருக்கிறது. அதைப் பற்றியும் உங்கள் நிபுணரிடம் கேளுங்கள்.

அப்புறம், மச்சானைக் கட்டினதால்தானா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். சொந்தத்துக்குள் கட்டினால் இந்த வாய்ப்புக் கூடும், உண்மைதான். அதற்காக இது உங்கள் குற்றமாகாது. இந்த மரபணுவின் பழுதான பிரதி உங்கள் இருவரிடமும் ஒவ்வொன்று இருந்திருக்கிறது. அப்படி இருப்பவர்களுக்கு எந்த நோயும் தெரியாது. ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு இந்த நோய் வர 25 வீத வாய்ப்பு உண்டு என்பதால், அடுத்த பிள்ளைக்கு முன் மரபணு ஆலோசனை எடுங்கள். அந்தப் பிள்ளை பிறந்ததும், உயிருள்ள கிருமியைக் கொண்ட காசநோய்த் தடுப்பூசியான பிசிஜியைப் போட முன்னரே அண்ணனின் நோயைப் பிரசவ விடுதியில் சொல்லிவிடுங்கள்.