கம்போஸ்டில் நெளியும் புழுக்கள்

மாடித் தோட்டத்துக்கு வைத்திருந்த கம்போஸ்டில் புழுவும் எறும்பும் மொய்க்கின்றன, கொட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொட்டாதீர்கள். தட்டையாக, வரிவரியாக, பழுப்பாக இருந்தால் அவை கறுப்புப் படைவீரன் ஈயின் புழுக்கள்; வேரைத் தொடாது. உரம் இன்னும் முழுதாக மட்கவில்லை, அவ்வளவுதான். காய்ந்த தேங்காய் நார்த்தூள் கலந்து 3 வாரம் மூடி வையுங்கள்.

வெள்ளை உடலும் செம்பழுப்புத் தலையுமாக அரைவட்டமாய்ச் சுருண்டு கிடந்தால்தான் வம்பு. வண்டுப் புழு அது. தொட்டிக்குள் போனால் கத்தரி வேரைக் கடித்துவிடும். ஒன்றுவிடாமல் பொறுக்கிவிடுங்கள். நான் பழைய சாக்கில் உரத்தை இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பிக் காலை வெயிலில் வைப்பேன். பெரம்பூர் மைனாக்கள் பாதி வேலையை முடித்துவிடும்! மீதியை மணல் சல்லடையில் சலிப்பேன். எறும்பு, உரம் காய்ந்துவிட்டதால் வருவது. தண்ணீர் தெளித்துக் கிளறினால் இடம்பெயர்ந்துவிடும்.